பச்சை காட்டிய தெரு

அவளைப் புழுக்காரி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். கொசுக்காரி என்று கூப்பிட்டால்தான் சண்டைக்கு வருவாள்.

"கொசுவை எவளால பிடிக்க முடியும்? ரெக்கை முளைச்சுட்டா அது யார் வீட்டுக்கு வேணும்னாலும் விருந்தாளி. நான் அதுக்கு முன்னாடியே கதையை முடிக்கிறவ. புழுக்காரின்னு சொல்லு, ஒத்துக்கறேன்."

நகராட்சியின் சுகாதாரப் பிரிவில் அவளுக்கு ஒப்பந்த வேலை. எட்டு வருடமாகப் பார்க்கிறாள். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் டிரம்மின் மூடியைத் திறக்க வேண்டும், டார்ச் அடிக்க வேண்டும், ஒரு கரண்டித் தண்ணீரை மொண்டு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்க்க வேண்டும். புழு இருந்தால் நெளியும். இல்லாவிட்டால், அத்தனை தூரம் குனிந்தது வீண் என்பது போல அவள் முகம் கொஞ்சம் வாடும். ஆபீசில் கொடுத்த பிளாஸ்டிக் கரண்டி முதல் மாதமே காம்பு முறிந்து போனது. வேறு கேட்டு எழுதிக் கொடுத்தாள். அது வந்தபாடில்லை. தன் வீட்டு அடுப்படியிலிருந்தே நீளக் காம்புள்ள எவர்சில்வர் குழிக்கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் வீட்டில் குழம்பைத் தம்ளரால்தான் ஊற்றுகிறார்கள்.

அவள் குடியிருந்ததும் அவள் பார்த்துக்கொண்ட தெருக்களில் ஒன்றுதான். இரண்டு வரிசை, நாற்பது வீடு, தகரக் கூரை. மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். அதனால் வாசலுக்கு இரண்டு டிரம், உள்ளே ஒன்று என்று எல்லா வீட்டிலும் நிறைத்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஓர் அட்டை தொங்கும். வாராவாரம் வந்து பார்த்ததற்கு அடையாளமாக அதில் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பாள். யார் வீட்டிலாவது காய்ச்சல் என்றால் அதையும் அதிலேயே ஓரமாகக் குறித்து வைப்பாள். அப்படிக் குறிக்கச் சொல்லி யாரும் அவளுக்கு உத்தரவு போடவில்லை.

போன மழைக்காலத்தில் டெங்கு அவள் வீட்டுக்குள்ளேயே வந்தது. பத்து வயது மகள் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னார்: "ஒரு தடவை வந்துடுச்சு, இனி வராதுன்னு நினைச்சுக்காதீங்க. இதுல நாலு வகை இருக்கு. வேற வகை வந்து ரெண்டாவது தடவை படுத்தா முதல் தடவையை விட மோசமா போகலாம். இனிமே இவளைக் கொசு கடிக்காம பாத்துக்கறது உங்க பொறுப்பு."

ஒரு தாய்க்கு இதைச் சொல்வதே கொடுமை. தொழிலே அதுவாக இருக்கும் தாய்க்குச் சொன்னால் தூக்கம் வருமா? அன்றிலிருந்து தன் தெருவை மட்டும் வாரம் இரண்டு முறை பார்த்தாள்.

இந்த மழைக்கு முன்னால்தான் ஆபீசுக்கு அந்த வரைபடம் வந்தது.

சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் ஊர் முழுவதும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அதைச் செய்தவர் கண்ணாடி போட்ட இளம்பெண். இன்ஜினீயர். எல்லாரும் மேப்பு மேடம் என்றார்கள். முதல் நாள் களப்பணிக்காரிகள் ஐந்து பேரையும் நாற்காலி போட்டு உட்காரவைத்து விளக்கினார். அந்த ஆபீசில் அவர்களுக்கு யாராவது நாற்காலி போட்டது அதுதான் முதல் தடவை.

"காய்ச்சல் வந்ததும் ஜனங்க ஆஸ்பத்திரிக்கா ஓடறாங்க? போனை எடுத்து நெட்டுல கேக்கறாங்க. கண்ணுக்குப் பின்னாடி வலிக்குது, உடம்புல சிவப்புப் புள்ளி வருது, என்ன செய்யன்னு. யார் கேக்கறாங்கன்னு நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனா எந்தப் பக்கத்துல இருந்து நிறைய கேக்கறாங்கன்னு தெரியும். அங்க சிவப்பாகும். ஆஸ்பத்திரி விவரம் நம்ம கைக்கு வர ரெண்டு வாரம் ஆகும்க்கா. இது அன்னிக்கே சொல்லிடும்."

புழுக்காரிக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. "கெட்டிக்காரிதான்" என்று பக்கத்திலிருந்த நெட்டச்சியிடம் கிசுகிசுத்தாள். நெட்டச்சி அவள் கூட வேலை செய்பவள். வாட்டர் டேங்க்கை ஏணியில்லாமல் எட்டிப் பார்க்கிற உயரம்.

ஒரு வாரத்தில் ஊருக்கு வெளியே இருந்த பார்சல் கிடங்கு வளாகம் குங்கும நிறத்தில் சிவந்தது. புழுக்காரியின் தெரு பசேலென்று இருந்தது. ஐந்து பேரையும் கிடங்குக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

சொன்னவர் பிரிவு அதிகாரி. அவருக்குப் 'பாத்துக்கலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார். எதிரே தீப்பிடித்து எரிந்தாலும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பாத்துக்கலாம் என்பார்.

"எங்க தெருவை யார் சார் பாப்பாங்க?"

"பச்சைதானே? பாத்துக்கலாம்."

மூன்று வாரம் ஓடிவிட்டது.

அன்று சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருந்தது. புழுக்காரி வீட்டுக்குள் நுழைந்தபோது நாத்தனார் சுடுதண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். புருஷனின் தங்கை. கல்யாணமாகவில்லை, அதைப் பற்றி யார் பேசினாலும் எழுந்து போய்விடுவாள். அவளுக்கும் அதே கிடங்கில்தான் வேலை. பத்து மணி நேரம் நின்றபடியே பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட வேண்டும். அந்தத் தெருவில் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள்.

மகள் கட்டிலில் கொசுவலைக்குள் இருந்தாள். முழுக்கை சட்டை, கால்சட்டை, காலுறை.

"அம்மா, என்னைக் கடைக்கு அனுப்பப் போறியா? இப்படிப் பொட்டலம் கட்டி வச்சிருக்க?"

"வாயைக் கட்டாம விட்டேனேன்னு சந்தோஷப்படு."

நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை.

"எதிர்வீட்டுக் குழந்தையை ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "மூணு நாளா காய்ச்சல். இன்னிக்கு மூக்குல ரத்தம். இந்த வரிசையில மட்டும் ஏழு வீட்டுல படுத்திருக்காங்க."

"ஏழா? போன வாரம் ரெண்டுதானே?"

"நீதான் ஊருக்கு வெளியே புழு தேடிட்டுத் திரியறியே" என்றார் புருஷன். வாசலில் அவருக்கு டயர்கடை. பஞ்சர் ஒட்டுவார், பழைய டயர் வாங்கி விற்பார். கையில் எப்போதும் கறுப்பு. "அங்க என்னதான் இருக்கு?"

"புல்லு இருக்கு. சிமெண்டு இருக்கு. மூணு வாரத்துல ஒரே ஒரு வாளியில புழு கெடைச்சது. அதுவும் காவலாளி கவுத்து வைக்காத வாளி. புகை அடிக்கிறோம், புகை அடிக்கிறோம், அங்க இருக்கிற ரெண்டு புறா இருமிச் சாகப்போகுது."

"அப்ப ஏன் சிவப்பு காட்டுது?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

மகள் வலைக்குள்ளிருந்து அத்தையின் போனை எடுத்தாள். மறுகணமே புருஷன் சத்தம் போட்டார்: "ஏய், நெட்டை ஆன் பண்ணாத! அணை!"

அது அவர் வீட்டுச் சட்டம் மட்டுமல்ல. அந்தத் தெருவில் வீட்டுக்குள் வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவார்கள், நெட்டை அணைப்பார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வார்கள். காசு போட்டு வாங்கிய டேட்டா மாசக் கடைசி வரை வர வேண்டுமே.

மறுநாள் மதியம் கிடங்கில் மணி அடித்தது. புழுக்காரி அப்போது கட்டடத்தின் பின்பக்கம் மழைநீர்க் குழாய்க்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கலாம் என்று மர நிழல் தேடி நிர்வாக அலுவலகத்தின் பக்கச் சுவரைத் தாண்டி வந்தாள்.

அந்தச் சுவரோரம் அறுபது எழுபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மர நிழல் காலியாகக் கிடந்தது. அங்கே ஒருத்திகூட இல்லை. வெயில் அடிக்கிற சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, ஒரு கையில் சாப்பாடு, ஒரு கையில் போன், எல்லாத் தலையும் குனிந்திருந்தது. சினிமா பார்க்கிறார்கள் என்று நினைத்தாள். பக்கத்தில் போனால் எல்லாரும் போனிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"குழந்தைக்கு நாலு நாளா காய்ச்சல், கை காலெல்லாம் சிவப்புப் புள்ளி..."

"காய்ச்சல் விட்டதுக்கப்புறம் வாந்தி வந்தா..."

"ரத்தத்துல பிளேட்லெட் எவ்வளவு இருக்கணும்..."

வரிசையின் நடுவில் நாத்தனார் இருந்தாள். அவளும் போனை வாயருகே பிடித்திருந்தாள். "ஒருதடவை டெங்கு வந்த பிள்ளைக்கு ரெண்டாவது தடவை வந்தா பிழைக்குமா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணியைக் கண்டதும் போனை மடியில் கவிழ்த்தாள்.

புழுக்காரி அது காதில் விழாதது போல அதட்டினாள்.

"நிழலை விட்டுட்டு இந்த வெயில்ல ஏன்டி உக்காந்திருக்கீங்க?"

"நிழலுக்கு ஒய்ஃபை எட்டாது அண்ணி. இந்தச் சுவர்கிட்டதான் நல்லா வரும். கம்பெனியோடது, சும்மா வருது."

"வீட்டுல கேக்கறதில்லையா?"

"வீட்டுல அண்ணன் விட்டாத்தானே? எங்க எல்லாருக்குமே இதுதான் நேரம். படம் பாக்கணுமா, ஊருக்குப் பேசணுமா, பிள்ளைக்கு என்ன மருந்துன்னு கேக்கணுமா, எல்லாம் இந்த அரை மணிக்குச் சேத்து வச்சுக்குவோம்."

"எத்தனை நாளா?"

"நான் வேலைக்கு வந்ததிலிருந்து."

புழுக்காரி அந்த வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். பாதி முகங்கள் அவள் டிரம் மூடி திறந்து பார்க்கும் வீடுகளின் முகங்கள். காய்ச்சல் படுத்திருப்பது தெருவில். கேள்வி கிளம்புவது இந்தச் சுவரிலிருந்து. கேள்வி கேட்ட இடத்தைத்தான் மருந்து வண்டி தேடி வந்திருக்கிறது, மூன்று வாரமாக.

ரொட்டிப் பொட்டலத்தை நாத்தனாரின் மடியில் போட்டுவிட்டு நடந்தாள்.

"எங்க அண்ணி போற? வேலை நேரம்!"

"வேலைக்குத்தான் போறேன்."

ஆபீசில் புழுக்காரி சொன்னதைக் கேட்டதும் மேப்பு மேடம் பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு கணினியில் எதையோ திறந்து பார்த்தார். "எல்லாமே பகல் பன்னிரண்டரைக்கும் ஒண்ணுக்கும் நடுவுல" என்று மெல்லச் சொன்னார். "எனக்கு இது தோணவே இல்லக்கா. என் தப்பு. வீட்டுல நெட்டை அணைப்பாங்கன்னு நான்... எங்க வீட்டுல அணைக்கிறதே இல்ல."

"தப்பு தெரிஞ்சுதில்ல, மாத்திடுங்க மேடம். எங்களை எங்க தெருவுக்கு அனுப்புங்க."

"நான் மாத்த முடியாதுக்கா. தலைமை அலுவலகம் ஒத்துக்கணும். இன்னிக்கே எழுதறேன். ஆனா மூணு வாரமாவது ஆகும்."

"மூணு வாரத்துல எங்க தெருவுல யாரு மிச்சம் இருப்பாங்க?"

பக்கத்து மேசையிலிருந்த பாத்துக்கலாம் கண்ணாடியைத் துடைத்தார். "ஒரு வழி இருக்கு. உங்க தெரு ஜனங்களை எல்லாம் ஒரு ரெண்டு நாள் வீட்டுல இருந்தபடி நெட்டுல கேக்கச் சொல்லுங்க. காய்ச்சல், புள்ளி, வாந்தி, என்னத்தையாவது. தானா சிவந்துடும். பாத்துக்கலாம்."

புழுக்காரிக்குச் சுர்ரென்று ஏறியது.

"எங்க வீட்டுப் பிள்ளைங்களுக்குக் காய்ச்சல்னு எங்க போன் சொன்னாத்தான் நம்புவீங்களா சார்? எட்டு வருஷமா ஒவ்வொரு வீட்டு டிரம்முலயும் தலையை விட்டுப் பாக்குறேன். நான் வந்து சொன்னா அது சேதி இல்லையா? அவளுங்க கேக்க வேண்டியதைக் கேட்டாச்சு. வெயில்ல உக்காந்து, சோத்தைக் கையில வச்சுக்கிட்டு, மூணு வாரமா கேட்டாச்சு. நீங்க பதில் கொண்டு போன இடம்தான் தப்பு. அதுக்கு அவளுங்க மறுபடி கேக்கணுமா?"

"கோபப்பட்டு என்ன ஆகும்? முறைன்னு ஒண்ணு இருக்கு. காலையில வருகைப் போட்டோ கிடங்குல இருந்து வரணும். எங்க நின்னு எடுக்கறீங்கன்னு போனே காட்டிக் கொடுத்துடும், தெரியுமில்ல? வேற இடத்துல இருந்து வந்தா ஆப்சென்ட். மூணு ஆப்சென்ட்னா பெயரை எடுத்துடுவாங்க. என் கையில இல்ல."

"உங்க கையில என்னதான் சார் இருக்கு?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. புருஷன் ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார். "வேலை போனா போனதுதான். டயரை நம்பி நாலு வயிறு ஓடாது. நம்ம வீட்டை மட்டும் சுத்தமா வச்சுக்கோ. பிள்ளை வலைக்குள்ள இருக்கு. வேற என்ன வேணும்?"

"கொசு நம்ம வீட்டு அட்டையைப் படிச்சுட்டா உள்ள வருது? எதிர்வீட்டுல பொறந்து இங்க வந்து கடிக்கும். தெரு சுத்தமில்லாம வீடு சுத்தமாகாதுங்க. எட்டு வருஷமா எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்றேன். இப்ப என் வீட்டுக்கு வந்ததும் மாத்திச் சொல்லவா?"

விடிந்தது. ராத்திரி பெய்த மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. புழு வளர்வதற்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. புழுக்காரி சீருடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு, தன் வீட்டு வாசலில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள். எப்போதும் வருகைப் போட்டோவுக்கு முறைத்துக்கொண்டு நிற்பவள் அன்றைக்குச் சிரித்தாள்.

அடுத்து டார்ச்சை எடுத்தாள். முதலில் எங்கே அடித்தாள் தெரியுமா? புருஷனின் டயர் அடுக்கில்.

மேலே இருந்த டயரைப் புரட்டினாள். உள் வளைவில் தேநீர் நிறத்தில் தண்ணீர். ஒரு கரண்டி மொண்டு தட்டில் ஊற்றினாள். தட்டே நெளிந்தது. அடுத்த டயர், அதற்கடுத்தது, பத்தொன்பது டயரிலும் அதே கதை. மூன்று வாரம். காலையில் இருட்டோடு போய்ச் சாயங்காலம் களைத்து வந்து, தன் வாசலைத் தானே தாண்டிப் போயிருக்கிறாள். எதிர்வீட்டுக் குழந்தையைக் கடித்தது எங்கே பிறந்தது என்று யார் சொல்ல முடியும்?

"இங்க வாங்க" என்று கூப்பிட்டாள்.

புருஷன் வந்து தட்டைப் பார்த்தார். தட்டிலிருந்து வலைக்குள் இருந்த மகளைப் பார்த்தார். கறுத்த கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஓட்டை போட்டுட்டா தண்ணி நிக்காது. ஆனா டயரை யாரும் வாங்க மாட்டாங்களே" என்றார்.

"வாங்க மாட்டாங்க."

அவர் உள்ளே போய்த் துளைக்கும் மெஷினை எடுத்து வந்தார். முதல் டயரைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு துளை போட்டார். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்து, வெயில் காய்ந்த சிமெண்டில் புழுவோடு பரவியது. அடுத்த டயரை அவரே இழுத்தார்.

போன் அடித்தது.

"எங்கம்மா நிக்கறீங்க?" பாத்துக்கலாம் சாரின் குரல். "உங்க புள்ளி வேற இடத்துல காட்டுது."

"காய்ச்சல் இருக்கிற இடத்துல நிக்கறேன் சார்."

"ஆப்சென்ட் போட வேண்டியிருக்கும்."

"போடுங்க சார். நான் இங்க ஆஜர்."

முதல் நாள் அவள் ஒருத்தியாகவே ஒன்பது வீடு முடித்தாள். மருந்து கொஞ்சம்தான் இருந்தது. அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. கவிழ்க்க வேண்டும், உட்புறத்தைத் தேய்க்க வேண்டும், காயவைக்க வேண்டும், மூட வேண்டும். மருந்து இல்லாத வேலை அவ்வளவுதான். ஆனால் மூன்று நாள் சேர்த்து வைத்த தண்ணீரைக் கொட்டச் சொன்னால் யாருக்கு மனசு வரும்? ஒருத்தி டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குளிக்க என்ன பண்றது? நீ வந்து ஊத்துவியா?"

"ஊத்தறேன். முதல்ல உன் பிள்ளையைத் தொட்டுப் பாரு, அப்புறம் டிரம்மைப் பிடிச்சுக்கோ."

அவள் விட்டுவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மகள் நெற்றியில் கை வைத்தாள். சுட்டது. புழுக்காரிக்கு உயிரே போய்விட்டது. "அய்யோ, என் ராசாத்தி" என்று வலையைக் கிழிக்காத குறையாக இழுத்தாள். பார்த்தால் மகள் முழுக்கை சட்டைக்கு மேல் ஒரு போர்வையையும் போர்த்தி வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா டயர்ல இருந்து கொசுவெல்லாம் கிளம்பிடுச்சாம். அத்தைதான் போர்த்திக்கச் சொன்னா."

போர்வையை உரித்துக் காற்றாட விட்டதும் கால் மணியில் சூடு இறங்கியது. புழுக்காரி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாத்தனாரைத் திட்டினாள். திட்டி முடித்து மறுபடி அழுதாள்.

இரண்டாம் நாள் காலை நெட்டச்சி தெரு முனையில் நின்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் உயரத்துக்குப் போட்டோவில் பாதி வானம்தான் விழுந்திருக்கும். பின்னாலேயே மற்ற மூன்று பேரும் வந்தார்கள்.

"உங்களுக்கென்னடி? உங்க தெருவா இது?"

"என் தெருவும் பச்சைதான்" என்றாள் நெட்டச்சி. "இன்னிக்கு உன்னுது, நாளைக்கு என்னுது. புறாவுக்குப் புகை போட்டுப் போட்டு எனக்கே இருமல் வந்துடுச்சு."

ஆபீஸ் திரையில் அன்றைக்கு ஐந்து புள்ளிகளும் பச்சைக் கட்டத்துக்குள் நின்றன. போன் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை போட்டோ எடுத்து அனுப்பினாள். போகவில்லை. பதிவு நீக்கப்பட்டது என்று மட்டும் வந்தது. மூன்றாவது ஆப்சென்ட்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை; ஒருத்தியை முதலில் எடுத்துவிட்டால் மற்ற நாலு பேரும் பயந்து திரும்பிவிடுவார்கள் என்பது ஆபீசின் கணக்கு. போனை இடுப்பில் செருகிக்கொண்டு இருபத்தெட்டாவது வீட்டுக்குப் போனாள். எதிர்வீட்டுக்காரி ஆஸ்பத்திரியிலிருந்து உடை மாற்ற வந்தவள், குழந்தை கண் திறந்துவிட்டது என்றாள். கண் திறந்ததைச் சொல்லும்போதுதான் அவளுக்கு முதல் தடவையாக அழுகை வந்தது.

பத்து மணிக்கு நகராட்சி ஜீப் வந்தது. பாத்துக்கலாம் இறங்கினார். பின்னாலேயே மேப்பு மேடம். தெரு முழுக்க டிரம்கள் வாய் கவிழ்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. டயர்கடை வாசலில் துளை போட்ட டயர்கள். தகரக் கதவுகளுக்குப் பின்னாலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். நாத்தனாரும் நின்றாள். அன்று அவள் கிடங்குக்குப் போகவில்லை.

"ஆபீஸ் சாமானை ஒப்படைச்சுடுங்கம்மா" என்றார் அவர். தெருவின் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். "பை ஒண்ணு. டார்ச் ஒண்ணு. தட்டு ஒண்ணு. மருந்து பாட்டில். அடையாள அட்டை. சட்டை."

புழுக்காரி ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையில் வைத்தாள். சீருடைச் சட்டையையும் கழற்றிக் கொடுத்தாள். உள்ளே வீட்டில் போடும் சாதாரணச் சட்டை போட்டிருந்தாள். இது வரும் என்று தெரிந்தேதான் காலையில் கிளம்பியிருக்கிறாள். அவர் கை நிறைந்துவிட்டது. கடைசியாகக் கரண்டியைக் காட்டினார்.

"அதுவும்."

"இது எங்க வீட்டுக் குழிக்கரண்டி சார். நீங்க கொடுத்தது எட்டு வருஷத்துக்கு முன்னாடியே உடைஞ்சு போச்சு. வேற கேட்டு எழுதிக் கொடுத்தேன். பாத்துக்கலாம்னீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். அதில் கரண்டி இல்லை.

"இனிமே நீங்க வீடு வீடா போகக் கூடாது. உங்களுக்கு அதிகாரம் இல்ல."

"டிரம் மூடியைத் திறக்க அதிகாரம் எதுக்கு சார்? கை இருந்தா போதும்."

நாத்தனார் வீட்டுக்குள் போனாள். சோற்றுத் தட்டோடு திரும்பி வந்தாள். வெள்ளைத் தட்டு, ஓரம் மட்டும் பெயர்ந்தது. "இதுல ஊத்திப் பாரு அண்ணி" என்று நீட்டினாள்.

புழுக்காரி அதை வாங்கிக்கொண்டு இருபத்தொன்பதாவது வீட்டு வாசலுக்குப் போனாள். டிரம் மூடியைத் தள்ளினாள். உள்ளே இருட்டாக இருந்தது. பழக்கத்தில் கை இடுப்புக்குப் போய், டார்ச் இல்லாமல் திரும்பியது.

சட்டென்று டிரம்முக்குள் வெளிச்சம் விழுந்தது. மேப்பு மேடம் பக்கத்தில் நின்றிருந்தார். பாத்துக்கலாம் சாரின் கையிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கண்ணாடி மூக்கில் நழுவ, முழங்கை வரை நனைய, டிரம்மின் விளிம்பில் கவிழ்ந்து எட்டிப் பார்த்தார்.

"மேடம், வாங்க. நம்ம வேலை முடிஞ்சது" என்றார் பாத்துக்கலாம் ஜீப்பிலிருந்து.

மேடம் நிமிரவில்லை. "அதுவா அக்கா? அடியில துடிக்குதே, அதுவா?"

"அதேதான். வெளிச்சத்தைக் கண்டா கீழே ஓடும். அசையாம பிடிங்க."

கரண்டி இறங்கியது. தட்டில் ஊற்றியதும் ஏழெட்டு நெளிந்தன. மேப்பு மேடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவைத் திறந்து பின்னால் தொங்கிய அட்டையை வாசித்தார். ஓரத்தில் கோணலாக எழுதியிருந்த பெயரில்லாத காய்ச்சல்களை விரலால் எண்ணினார்.

"எல்லா வீட்டுலயும் இப்படி எழுதி வச்சிருக்கீங்களா அக்கா?"

"எட்டு வருஷமா."

"யாரும் கேக்கலையா?"

"நீங்கதான் முதல்ல கேக்கறீங்க. இந்தாங்க, அந்தப் பக்கம் பிடிங்க, கவுக்கணும்."

இரண்டு பேரும் சேர்ந்து சாய்த்தார்கள். தண்ணீர் தெருவின் நடுவே ஓடி, ஜீப்பின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு கீழே போனது. புழுக்காரி அட்டையை வாங்கித் தேதி போட்டாள். வேலையில் இல்லாதவள் போடக் கூடாத கையெழுத்தை, வழக்கத்தைவிடப் பெரிதாக, கட்டத்தைத் தாண்டிப் போட்டாள்.

"அடுத்த வீடு" என்றாள்.